மூலைக் கடையின் கீழே ஒரு கிணறு

வியாழக்கிழமை விடிகாலை மயிலாடுதுறையில் சேலம் ரயில் ஏறினேன். மருந்துக்கடைச் சாவியைத் தங்கை மகளிடம் கொடுத்தாகிவிட்டது. அவளும் பார்மசி படித்தவள்தான். இருந்தாலும் கும்பகோணம் தாண்டுவதற்குள் அவளுக்கு இரண்டு முறை போன் செய்து, மூன்றாவது முறை அவள் எடுக்காமல் விட்ட பிறகுதான் எனக்குப் பயணம் தொடங்கியது.

போன காரணம் ஒரு கிணறு. என் கல்லூரித் தோழி மகேஸ்வரி முந்தின வாரம் கூப்பிட்டிருந்தாள். திருச்சி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். அவள் ஊர் புளியஞ்சந்தை, ராசிபுரத்திலிருந்து பதினான்கு கிலோமீட்டர். அங்கே காய்கறிச் சந்தையில் தக்காளி வியாபாரம் செய்கிறாள். பழைய சந்தைக் கொட்டகையைப் பிரித்துவிட்டுப் புதிதாகக் கட்டடம் எழுப்புகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அன்று அவள் சொன்னது வேறு.

"எங்க சந்தையில தரை வாயத் தொறந்துக்கிச்சு கலா. உள்ள கெணறு இருக்குது, படியோட. எந்தக் காலத்துதுன்னு ஆருக்கும் தெரியல. வந்து பாத்துட்டுப் போ புள்ள."

"பேப்பர்ல போட்டோ வந்தா அனுப்பேன், பார்க்கிறேன்."

"போட்டோ பாக்கறதுக்கா கூப்புடறேன்? ஒரு விசயம் பேசோணும். நேர்ல வா."

மகேஸ்வரி எதையும் நேரில்தான் பேச வேண்டும் என்று சொல்கிற ரகம் இல்லை. அதனால் கிளம்பினேன்.

திருச்சியில் இட்லிப் பொட்டலம் முப்பது ரூபாய். அதைச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வருவதற்குள் ரயில் காவிரியோரமாக ஓடத் தொடங்கியிருந்தது. கரூர் வரையில் வாழையும் தென்னையுமாக என் ஊர்ப் பக்கம் போலவே இருந்தது. மோகனூர்ப் பாலத்தில் ஆற்றைக் கடந்ததும் நிலம் ஆளே மாறிவிட்டது. சிவந்த மண், நடுநடுவே யானை படுத்த மாதிரி பாறைகள், மரவள்ளிக் காடுகள், ஓலையும் தகரமுமாக நீண்டுகொண்டே போகும் கோழிப்பண்ணைகள். வயல் நடுவே கிணறுகள் தெரிந்தன. கிணறு என்றால் எங்கள் ஊரில் உறை இறக்கிய வட்டம், எட்டிப் பார்த்தால் நம் முகம் தெரியும். இங்கே பாறையைச் சதுரமாக வெட்டி இறக்கிய பள்ளங்கள். ஒரு வீட்டையே தூக்கி உள்ளே வைக்கலாம். ரயிலிலிருந்து பார்த்தவரை ஒன்றில்கூடத் தண்ணீர் கண்ணில் படவில்லை.

கரூரில் ஏறி எதிரில் உட்கார்ந்தவர், நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கவனித்திருக்க வேண்டும்.

"எந்த ஊருக்குங்க போறீங்க?"

சொன்னேன்.

"கெணறு பாக்கவுங்களா?" என்று சிரித்தார். "எங்க பக்கம் இப்ப அதே பேச்சுத்தானுங்க."

பெயர் பழனிவேல். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டுகிறார். ஒரிசா, ஜார்க்கண்ட், ராஜஸ்தான் என்று அவர் வண்டி போகாத மாநிலம் குறைவு. வீட்டில் விசேஷம் என்று லீவில் வந்திருந்தார்.

"ஊரூருக்குத் தண்ணி எடுத்துக் குடுத்துட்டு வாரோமுங்க. எங்க ஊட்டு போருல ஆயிரத்து நூறு அடிக்கும் புகைதான் வந்துச்சு."

"புகையா?"

"கல்லுத் தூளுங்க. ஈரம் இல்லீன்னா தூளுதான பறக்கும். அந்தக் கெணத்துல என்னடான்னா நாப்பதடியில தண்ணி நிக்குதாமா. மிசினில்லாம, கம்ப்ரசர் இல்லாம, எப்பிடிங்க எடத்தக் கண்டுபுடிச்சான்?"

அது கேள்வி இல்லை, வியப்பு. நாமக்கல்லில் இறங்கும்போது, "பாத்துட்டு வந்து நாலு பேத்துக்குச் சொல்லுங்க. எனக்கு நேரமில்லீங்க, நாளைக்கு ஒறம்பரை சனமெல்லாம் வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜன்னல் வழியே நாமக்கல் பாறை, மேலே கோட்டைச் சுவருடன், ரயில் நகர்ந்த பிறகும் வெகுநேரம் கூடவே வந்தது.

ராசிபுரம் நிலையம் ஊருக்குச் சற்று வெளியே இருக்கிறது. ஷேர் ஆட்டோ இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு பேருந்து நிலையத்தில் விட்டது. புளியஞ்சந்தைக்குப் பிங்க் நிற டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கிழக்கே போதமலை வெயிலில் வெளிறிக் கிடந்தது. வழியில் ஜவ்வரிசி ஆலைகளின் காயவைக்கும் களங்கள், தரையில் வெள்ளை வேட்டிகளை விரித்தது போல. திறந்திருந்த ஜன்னல்கள் வழியாக மாவு புளித்த வாசனை உள்ளே வந்து, அடுத்த நிறுத்தம் வரை எங்களோடு பயணம் செய்தது.

மத்தியானம் தாண்டிப் புளியஞ்சந்தையில் இறங்கியபோது பேருந்து நிலையச் சாலையே சந்தையாக இருந்தது. கட்டடம் முடியும் வரை வியாபாரிகளை அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். தார்ச்சாலையின் இரு ஓரமும் நீலத் தார்ப்பாய்கள், பெரிய குடைகள், அவற்றை உரசிக்கொண்டு ஒலியெழுப்பும் பேருந்துகள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டுடன், தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே நின்றவள்தான் மகேஸ்வரி. குரலை வைத்து முதலில் கண்டுபிடித்தேன்.

"வந்துட்டயா! சித்தே இரு புள்ள, இந்தப் பெட்டிய மட்டும் தள்ளிட்டு வாரேன்."

கன்னம் இரண்டும் வெயிலில் கறுத்துப்போயிருந்தன. எட்டு மாதமாக இப்படித்தான் என்றாள். தக்காளி வெயிலில் மத்தியானத்துக்குள் கனிந்துவிடுகிறது. சாயங்காலம் மிஞ்சினதை மாட்டுக்குக் கொட்டுகிறார்கள். அவள் கணவர் ரிக் வண்டிக்குப் பின்னால் போகும் சாமான் லாரி ஓட்டுகிறார், சத்தீஸ்கரில். மழைக்காலத்தில்தான் வீடு திரும்புவார். வியாபாரம் முழுக்க இவள் கையில்.

கடையைப் பக்கத்துக் கீரைக்காரம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு என்னைக் கிணற்றுக்குக் கூட்டிப் போனாள்.

புதுக் கட்டடத்தின் தூண்கள் ஆள் உயரத்துக்கு எழுந்து கம்பிகளுடன் நின்றிருந்தன. சாலையைப் பார்த்த வரிசையின் முதல் மூலையில் மட்டும் தூண் இல்லை. அங்கே மஞ்சள் நாடா கட்டி, மேலே தகரப் பந்தல் போட்டிருந்தார்கள். அந்த மூலைத் தூணுக்குக் குழி எடுக்கும்போதுதான் ஜேசிபியின் வாளி கல்லில் மோதியிருக்கிறது. பாறை என்று நினைத்து ஓட்டுநர் இன்னொரு தட்டுத் தட்ட, உள்ளே வெற்றிடம் இருப்பது போலச் சத்தம் வந்திருக்கிறது. அவர் வண்டியைப் பின்னால் எடுத்து, இறங்கி நின்றுவிட்டாராம். பெரிய கற்பலகைகள் வரிசையாக மூடியிருந்தன. ஒன்றைப் புரட்டியபோது கீழே இருட்டு; அதிலிருந்து ஒரு குளிர்ந்த மூச்சு.

தொல்லியல் அலுவலர் தமிழரசி எங்களைத் தடுப்புக்கு உள்ளே விட்டார். முப்பது வயதுக்குள் இருக்கும், ஆத்தூர்க்காரர். தலையில் தொப்பி, கையில் சேறு. குனிந்து பார்த்தேன். சதுரக் கிணறு, ஒரு பக்கம் பதினாறடி. செதுக்கிய கற்களைச் சுண்ணாம்பு இல்லாமலே கட்டியிருந்தார்கள். சுவரிலிருந்து கற்பலகைகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நீட்டிக்கொண்டு, நான்கு பக்கமும் சுற்றி இறங்கின. அவைதான் படிகள். வெகு ஆழத்தில் மின்விளக்கு ஒளி தண்ணீரில் ஆடியது.

"எவ்வளவு பழசு?" என்றேன்.

"அதைத்தான் எல்லாரும் கேக்கறாங்க மேடம். மேல் வரிசைக் கல் வேற, கீழ் வரிசைக் கல் வேற. ரெண்டு காலத்துல கட்டியிருக்காங்க. மேல இருக்கறது நாயக்கர் காலமா இருக்கலாம். கீழ இருக்கறது அதுக்கும் முன்னால. இன்னும் அடி மண்ணைப் பாக்கல. அதுக்குள்ள வாயை விட்டா வாட்ஸ்அப்ல ரெண்டாயிரம் வருஷம்னு போட்ருவாங்க."

"போட்டாச்சு" என்றாள் மகேஸ்வரி.

மோட்டார் வைத்து இறைத்தால் தண்ணீர் இறங்குகிறது. நிறுத்தினால் காலைக்குள் ஏறிவிடுகிறது. கிழக்குச் சுவரில் பாறை வெடிப்பு ஒன்றிலிருந்து ஊற்று வருவதாகத் தமிழரசி சொன்னார். கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைக்கும் ஊரின் நடுவில், காலுக்குக் கீழே இது இருந்திருக்கிறது. நான் வாய் பிளந்து நின்றேன். மகேஸ்வரி கிணற்றைப் பார்க்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றாள்.

"நீங்களும் ஒருநாள் எறங்கிப் பாருங்கக்கா" என்று தமிழரசி அவளிடம் சொன்னார். "கடைக்காரங்க எல்லாரும் பாத்துட்டாங்க. நீங்கதான் பாக்கி."

"எனக்கு வேலை கெடக்குதுங்க" என்று நடையைக் கட்டினாள்.

சாயங்காலம் அவள் வீட்டில் காபி குடிக்கும்போது விஷயம் வந்தது. அந்த மூலைக் கடை அவளுடையது. வரிசையில் பதினொரு கடைகள். யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதில் முதல் கடை மகேஸ்வரிக்கு விழுந்தது. கிணற்றின் பாதி அவள் கடைக்குக் கீழே, மீதி நடைபாதைக்குக் கீழே.

நானும் கடை வைத்திருப்பவள். மூலைக் கடை என்றால் இரண்டு பக்கமும் முகம். நடந்து வருகிறவர்களும் திரும்புகிறவர்களும் நம்மைப் பார்க்காமல் போக முடியாது. அதைவிட முக்கியமானது ஒன்று இருந்தது. இதுவரை அவள் வியாபாரம் செய்த இடம் மாமனார் பேரில், பிறகு கொழுந்தனார் பேரில். அவள் பேரில் வந்த முதல் கடை இது.

"எஞ்சினீயரு ரெண்டு வழி சொல்றாரு" என்றாள். "அளவெடுத்து, படம் புடிச்சு, கெணத்து மேல தளம் போட்டு மூடிட்டு, கடையக் கட்டறது ஒண்ணு. இல்லீன்னா தூணத் தள்ளி வெச்சு, கெணத்த அல்லாரும் பாக்கற மாதிரி தெறந்து உடறது. அதுக்கு நான் கடைய உட்டுத் தரோணும்."

"பதிலுக்கு வேற கடை?"

"பொறவால ஒண்ணு தர்றாங்களாமா. கக்கூசுக்குப் பக்கத்துல. அங்க ஆரு வந்து தக்காளி வாங்குவா?"

போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். சந்தை வாசலில் கட்டியிருந்த பேனர். அவள் புகைப்படம், கீழே கொட்டை எழுத்தில், 'கிணறு காத்த தாயே, வாழ்க!'

"நான் இன்னும் ஒத்துக்கவே இல்ல கலா. அதுக்குள்ள தாயாக்கிட்டானுங்க. மாட்டேன்னா நாளைக்கு நான் பொல்லாதவ. நாளைக்குச் சாயந்தரம் மண்டபத்துல கூட்டம்."

பேனர் யார் வேலை என்று அவளுக்கு ஒரு சந்தேகம். இரண்டாவது கடை வெங்காயக்காரர் செங்கோடனுக்கு விழுந்திருக்கிறது. முதல் கடை இல்லாமல் போனால் அவர் கடைதான் மூலை. மூன்று வருடம் முன்பு லோடு ஆட்டோ நிறுத்துகிற இடத்துக்காக இருவருக்கும் வாய்த்தகராறு. அன்றிலிருந்து பேச்சு இல்லை.

"நீ என்ன நினைக்கற?" என்று கேட்டேன்.

"அது தெரிஞ்சா உன்னைய எதுக்கு ரயிலேத்திக் கூப்புடறேன்?"

எனக்கும் தெரியவில்லை. கிணற்றை மூடக்கூடாது என்று மனது சொன்னது. ஆனால் அது என் கடை இல்லை. அடுத்தவர் கடையை விட்டுக்கொடுப்பது எல்லோருக்கும் எளிது. அதை அப்படியே சொன்னேன். அவள் தலையாட்டினாள். பிறகு கொள்ளுப் பருப்பும் அரிசியும் போட்டுக் குழைய வேகவைத்த சோற்றில் ராசிபுரம் நெய்யைத் தாராளமாக ஊற்றினாள். அந்த நெய்க்காகவே இன்னொரு தடவை இவ்வளவு தூரம் வரலாம்.

வெள்ளிக்கிழமை காலை, வியாபாரம் கொஞ்சம் ஓய்ந்த பிறகு, நான் மட்டும் கிணற்றுக்குப் போனேன். கீழே இறங்க இரண்டு இரண்டு பேராகத்தான் விடுவோம் என்றார் தமிழரசி. சாரக் குழாய்களால் கட்டிய இரும்பு ஏணிப்படி, தலைக்கவசம் போட வேண்டும், இடுப்பில் கயிறு. துணைக்கு யாரும் இல்லை. மகேஸ்வரிக்குப் போன் செய்தேன்.

"நீ வரலைன்னா என்னை விடமாட்டாங்களாம். அவ்வளவு தூரத்திலிருந்து வந்து எட்டிப் பார்த்துட்டுப் போகவா?"

எதிர்முனையில் பேருந்து ஒன்று ஒலியெழுப்பிப் போனது. "பாத்தா மனசு மாறிடுமோன்னுதான் புள்ள எறங்காம இருக்கேன்" என்றாள். அடுத்த ஐந்தாவது நிமிடம் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

இறங்க இறங்க வெயில் மேலேயே நின்றுவிட்டது. கற்களின் இடுக்கில் சின்னச் சின்னப் பெரணிச் செடிகள், மூடி திறந்த சில வாரத்துக்குள் துளிர்த்தவை. மேலே விளிம்பில் இருந்து எடுத்துச் சுவரோரம் சாய்த்திருந்த கல்லைத் தமிழரசி விளக்கடித்துக் காட்டினார். அதில் விரல் ஆழத்துக்குப் பள்ளங்கள், பக்கம் பக்கமாக. கயிறு உராய்ந்து உண்டான தடம். மகேஸ்வரி தன் கட்டைவிரலை ஒரு பள்ளத்தில் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. அவள் கையை எடுக்கவில்லை.

சேற்றிலிருந்து கிடைத்தவற்றை ஒரு தட்டில் வைத்திருந்தார்கள். மேல் மண்ணில் சோடாப் பாட்டில் கோலி, எனாமல் குவளை. கீழே போகப் போகப் பானை ஓடுகள், மாட்டுக் கழுத்து மணி ஒன்று, பாசிமணிகள், உருண்டையாக வழுவழுப்பாகத் தேய்த்த சில கற்கள்.

"இதுங்க எடைக்கல்லா இருக்கலாம்னு நெனைக்கறோம்" என்றார் தமிழரசி. "அப்பவே இந்த எடத்துல வியாபாரம் நடந்திருக்கணும்."

மகேஸ்வரி அனுமதி கேட்டு ஒரு கல்லைக் கையில் எடுத்தாள். உள்ளங்கையில் இரண்டு தடவை தூக்கித் தூக்கிப் பார்த்தாள். அடுத்ததை எடுத்து அதையும் பார்த்தாள்.

"இது லேசா இருக்குது, கள்ள எடையா இருக்கும். சோதனைக்கு ஆள் வந்திருப்பான். கெணத்துல எறிஞ்சுட்டு நல்லவனாட்ட நின்னிருப்பான்."

தமிழரசி சிரித்த சிரிப்பு நான்கு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. "இதை ரிப்போர்ட்ல எழுத முடியாதுக்கா" என்றார்.

அடியில் தண்ணீர் முழங்காலளவு. மோட்டார் நின்றிருந்ததால் ஊற்றின் சத்தம் கேட்டது. யாரோ பக்கத்து அறையில் மெல்லப் பேசிக்கொண்டிருப்பது போல. மகேஸ்வரி வெடிப்பின் கீழே கையை ஏந்தினாள். பரிசோதனை முடிவு வரும் வரை குடிக்கக் கூடாது என்று தமிழரசி சொன்னதும், அந்தத் தண்ணீரால் முகத்தைக் கழுவிக்கொண்டாள். எட்டு மாத வெயிலில் கறுத்த அந்த முகம் ஒரு நொடி விடுதி அறையில் இருந்த முகமாக எனக்குத் தெரிந்தது.

மேலே ஏறினோம். தலைக்கவசத்தைக் கழற்றியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "எஞ்சினீயருகிட்ட ஒரு டேப்பு வாங்கிட்டு வா."

நான் ஒரு முனையைப் பிடிக்க, அவள் தூண் தூணாக அந்த வரிசையின் நீளம் முழுவதையும் அளந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, "சாயந்தரம் சொல்றேன்" என்றாள்.

கூட்டம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள கல்யாண மண்டபத்தில். மணமேடையில் பேரூராட்சிப் பொறியாளரும் தமிழரசியும் வியாபாரிகள் சங்கத் தலைவரும் உட்கார்ந்திருந்தார்கள். கீழே அறுபது எழுபது பேர். தலைவர் மடியில் ஒரு பொன்னாடை பளபளத்தது. மகேஸ்வரி அதைப் பார்த்தவுடன் என் கையைக் கிள்ளினாள்.

தலைவர் எழுந்தார். ஊரின் பெருமை, முன்னோர் அறிவு என்று நல்ல தமிழில் பேசிவிட்டு, "தன்னலம் பார்க்காத நம் சகோதரி" என்று தொடங்கிப் பொன்னாடையை விரித்தார்.

"அதை மடிச்சு வையுங்கண்ணா" என்று மகேஸ்வரி நின்ற இடத்திலிருந்தே சொன்னாள். மைக் தேவைப்படவில்லை. "நான் இன்னும் வாயே தொறக்கல."

தலைவர் பாதி விரித்த பொன்னாடையோடு நின்றார்.

"கெணத்த மூடக்கூடாதுங்க. காலைல எறங்கிப் பாத்தேன். மூடுனா அது பாவம். ஆனா ஒண்ணு கேக்கறேன். கெணறு ஊருக்கே சொந்தம்னு அல்லாரும் சொல்றீங்க. கடைய உடறதுக்கு மட்டும் நான் ஒருத்தியா?"

 அவள் பொறியாளர் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க சார், கடைக்கும் கடைக்கும் நடுவுல வார செவுரு, தூணுக்கு நேராத்தான் வரோணுமா? தள்ளிக் கட்டுனா கட்டடம் உழுந்துருமா?"

"நடுச்சுவரு பாரம் தாங்கறது இல்லீங்க. எங்க வேணும்னாலும் கட்டலாம்" என்றார் அவர். "ஷட்டரும் இன்னும் செய்யக் குடுக்கல."

"அப்பப் பாருங்க. பதினொரு கடை, கடைக்குப் பத்தடி. கெணத்துக்கு ஒரு கடை எடம் போனா மீதி நூறடி. ஆளுக்கு ஒரடி உடுங்க. கடைக்கு ஒம்பதடின்னு வெச்சா பதினொரு கடையும் வந்துரும். ஒரடி மிச்சங்கூட இருக்குது, கெணத்தோரம் நிக்கறதுக்கு ஆவும். என்னுதும் ஒம்பதடிதான். வரிசை மட்டும் மாறக்கூடாது. மொதக் கடை எனக்கு, அடுத்தது அவருக்கு, அப்பிடியே."

கொஞ்ச நேரம் எல்லோரும் மனதுக்குள் கணக்குப் போட்டார்கள். அது முடிந்ததும் தலைகள் ஒவ்வொன்றாக ஒரே பக்கம் திரும்பின. ஜன்னலோரம், கைகளைக் கட்டியபடி, பெரிய மீசையுடன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சொல்லாமலே தெரிந்தது, அவர்தான் செங்கோடன். மற்ற ஒன்பது பேருக்கும் போவது ஒரு அடி. அவருக்கு மட்டும் ஒரு அடியோடு மூலையும் போகிறது. அவர் மாட்டேன் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. மகேஸ்வரிக்குக் கழிவறைப் பக்கத்துக் கடை, அல்லது கிணற்றுக்குக் கான்கிரீட் மூடி.

செங்கோடன் எழுந்தார். மகேஸ்வரியைப் பார்க்கவில்லை, தலைவரைப் பார்த்தார்.

"அந்தம்மாகிட்டச் சொல்லுங்க, பேனர் நான் அடிக்கலீன்னு."

"ஏன், எங்கிட்ட நேரா சொன்னா வாயி நோவுதா?" என்றாள் மகேஸ்வரி.

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. செங்கோடனின் மீசைக்குக் கீழேயும் ஏதோ அசைந்தது. இந்தத் தடவை அவள் பக்கம் திரும்பினார்.

"நான் அடிக்கலீங்க. ஆனா இப்ப வரைக்கும் மூலை எனக்கு வந்துரும்னு நெனச்சுட்டுத்தான் இருந்தேன். பொய் சொல்லக்கூடாது. ஊட்டுலகூடச் சொல்லிட்டேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "சீட்டு உங்களுக்கு உழுந்துச்சு. கெணத்தச் சாக்கு வெச்சு அதைப் புடுங்கிக்கிட்டா நாளைக்கு அதே கெணத்தடியில நின்னு எப்பிடிங்க நான் ஏவாரம் பண்றது? ஒரடி எடுத்துக்கங்க. வரிசை அப்பிடியே இருக்கட்டும்."

அவர் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த தேங்காய்க்கடைக்காரர் கையைத் தூக்கினார். பிறகு கீரைக்காரம்மாள். பிறகு வரிசையாக. வாழைக்காய்க்காரர் ஒருவர் மட்டும், வாழைத்தார் நீளமானது, ஒன்பதடி போதாது என்று வாதாடினார். "தார நட்டமா நிறுத்துங்க, படுக்கவா போடறீங்க?" என்று யாரோ கேட்க, அவரும் கையைத் தூக்கிவிட்டார். பொறியாளர் வரைபடத்தை மாற்றி மேலே அனுப்ப வேண்டும் என்றும், அது நடக்கும், அதுவரை மற்றத் தூண்களின் வேலை நிற்காது என்றும் சொன்னார்.  தமிழரசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தலைவருக்குப் பொன்னாடையை என்ன செய்வது என்று தெரியவில்லை. கடைசியில் அதைத் தமிழரசிக்குப் போர்த்தினார். அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

சனிக்கிழமை காலை சந்தை மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் புதுக் கோடுகள் போட்டார்கள். அதிகாரபூர்வமான வேலை இல்லை அது. பொறியாளரின் ஆட்கள் பிறகு வந்து அளப்பார்கள். ஆனால் ஒன்பதடி எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் நின்று பார்க்க வேண்டியிருந்தது. டேப்பின் ஒரு முனை மகேஸ்வரி கையில், மறுமுனை செங்கோடன் கையில்.

"இழுத்துப் புடிங்க, தொங்குது பாருங்க."

"இதுக்கு மேல இழுத்தா அந்துரும்மா."

"அந்து போனா வேற வாங்கிக்கலாம். கோடு கோணலாப் போனா வாங்க முடியுமா?"

மூன்று வருடப் பேச்சை ஒரே காலையில் பேசித் தீர்ப்பது போலிருந்தது. தேங்காய்க்கடைக்காரர் தன் கோட்டுக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு, போதும் என்று எழுந்தார். மகேஸ்வரியின் கோட்டுக்கு வெளியே ஓரடி இடைவெளி. அதற்கப்புறம் தகரப் பந்தல், கிணறு. தமிழரசியின் ஆட்கள் மோட்டாரைப் போட, குழாயில் வந்த தண்ணீர் புது மண்ணில் ஓடி ரோட்டோரம் நின்ற வேம்புக்குப் போய்ச் சேர்ந்தது.

கிளம்பும்போது மகேஸ்வரி ஒரு பை நிறையத் தக்காளியும் ஒரு பாட்டில் நெய்யும் கொடுத்தாள். "கட்டடம் முடியறப்ப வா. கடை திறப்புக்கு ரிப்பன் நீதான் வெட்டோணும்" என்றாள். பஸ் வருவதற்குள் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. விஷயம் முடிந்துவிட்டால் நாங்கள் இரண்டு பேருமே அதிகம் பேசுவதில்லை.

ராசிபுரத்தில் மத்தியான ரயில். மோகனூர்ப் பாலத்தில் காவிரி அகலமாக, சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர்தான் எங்கள் ஊருக்கும் வருகிறது. எங்கள் தெருவில் கொஞ்சம் தோண்டினாலே ஊறிவிடும். என் வீட்டுக் கொல்லையில் ஒரு கைப்பம்பு, பக்கத்து வீட்டில் ஒன்று, எதிர் வீட்டில் ஒன்று. தண்ணீருக்காக யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கடைத்தெருவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அதை இதுவரை ஒரு குறையாக நினைத்ததில்லை.

கரூரில் ஏறிய ஒரு நடுவயது அம்மாள் என் காலடியில் இருந்த பையைப் பார்த்தார். தஞ்சாவூர்ப் பள்ளியில் ஆசிரியை என்று பிறகு தெரிந்தது.

"எங்கே போயிட்டு வரீங்க?"

"ராசிபுரம் பக்கத்தில், ஒரு சந்தைக்கு."

"தக்காளி வாங்கவா அவ்வளவு தூரம்?"

சிரித்துவிட்டு, ஜேசிபி கல்லில் மோதியதிலிருந்து தொடங்கினேன். குளித்தலை, திருச்சி எல்லாம் வந்து போயின. பொன்னாடைக்கு அவர் வாய்விட்டுச் சிரித்தார். எடைக்கல்லுக்கு இன்னும் அதிகமாக. தஞ்சாவூர் நெருங்கும்போது கதையை முடித்தேன். கிணறு எவ்வளவு பழையது என்றுதான் அடுத்து கேட்பார் என்று நினைத்தேன். அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசல் பக்கம் இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அந்த வெங்காயக்காரர் பேரு என்னன்னு சொன்னீங்க?"